எஸ் எங்கே வரும், எங்கே வராது: இங்கிலீஷ் பெயர்ச்சொல்லின் ஒருமையும் பன்மையும்

மதுரையில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் ‘அண்ணே, நாலு புரோட்டா’ என்றால் இலைக்கு வந்துவிடும். ‘நாலு புரோட்டாக்கள்’ என்று யாரும் கேட்பதில்லை. நாலு என்று சொன்ன பிறகு ‘கள்’ எதற்கு? இதைக் கொச்சை என்று ஒதுக்க முடியாது. ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ என்று ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே பெயர் நிற்பதை நம் இலக்கணமே பால்பகா அஃறிணைப் பெயர் என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அஃறிணையில் ‘கள்’ நம் விருப்பம்தான்.

இங்கிலீஷில் அந்த விருப்பம் கிடையாது. முன்னால் நாலு என்ற எண் நின்றாலும் பின்னால் பன்மைக் குறி வந்தே ஆகவேண்டும். ‘ஃபோர் புக்’ தவறு, ‘ஃபோர் புக்ஸ்’ சரி. தமிழ்ப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளை முதலில் எஸ்ஸை விட்டுவிடும். திருத்தித் திருத்தி மார்க் குறைத்த பிறகு, பயந்துகொண்டு எல்லாவற்றிலும் எஸ் போடும்: ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘அட்வைசஸ்’. விடுவதும் கூட்டுவதும் எதிரெதிர்த் தவறுகள் போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். ‘இந்தச் சொல்லை இங்கிலீஷ்காரர் எண்ணுவாரா?’ என்ற கேள்வியைக் கேட்காமலேயே எழுத்துக்கூட்டல் விதிக்குப் போய்விடுகிறோம். அதனால் இங்கே அந்தக் கேள்விதான் முதலில். எஸ், இஎஸ் எல்லாம் அதற்குப் பிறகு.

ஐந்து வகையும் ஒரு கோடும்

பள்ளியில் ஐந்து வகை சொல்லிக்கொடுப்பார்கள். ப்ராப்பர் நவுன் என்பது ஒன்றுக்கே உரிய பெயர்: மதுரை, வைகை, மீனாட்சி. காமன் நவுன் என்பது அந்த இனத்துக்கே பொதுப் பெயர்: ‘சிட்டி’, ‘ரிவர்’, ‘கேர்ள்’. கலெக்டிவ் நவுன் கூட்டத்தைக் குறிக்கும்: ‘டீம்’, ‘கமிட்டி’, மாட்டு மந்தைக்கு ‘ஹெர்ட்’. மெட்டீரியல் நவுன் மூலப்பொருள்: ‘கோல்ட்’, ‘காட்டன்’, ‘மில்க்’. ஆப்ஸ்ட்ராக்ட் நவுன் கையில் பிடிக்க முடியாதது: ‘ஹானஸ்டி’, ‘ஹங்கர்’, ‘ஐடியா’.

தேர்வில் வகை கேட்டால் எழுத இது போதும். ஆனால் பன்மை ஆக்குவதற்கு இந்த ஐந்து பெயரும் பெரிதாக உதவாது. ‘ஹானஸ்டி’, ‘ஐடியா’ இரண்டுமே ஆப்ஸ்ட்ராக்ட்தான். ‘ஐடியாஸ்’ உண்டு, ‘ஹானஸ்டீஸ்’ இல்லை. உண்மையில் வேலை செய்வது ஐந்து வகையையும் குறுக்கே வெட்டிப்போகும் ஒரு கோடு. ஒரு பக்கம் எண்ணக்கூடியவை, அதாவது கவுண்டபிள். மறுபக்கம் எண்ணமுடியாதவை, அதாவது அன்கவுண்டபிள். எண்ணக்கூடியதற்கு மட்டுமே பன்மை உண்டு, அதற்கு முன்னால் மட்டுமே ‘எ’, ‘ஆன்’ வரும்.

ப்ராப்பர் நவுனுக்குப் பன்மை அரிது. ஒரு குடும்பத்தையோ வம்சத்தையோ சொல்லும்போது வரும்: ‘தி பாண்டியாஸ்’, ‘தி நாயக்ஸ்’. ஒரே வகுப்பில் இரண்டு மேரி இருந்தால் ‘டூ மேரீஸ்’. அங்கே ஒய்யை ஐ-இ-எஸ் ஆக்கக்கூடாது. ஒய்யுக்குப் பின்னால் வெறும் எஸ் மட்டும். பெயரின் எழுத்தைக் கலைக்கக்கூடாது என்பதே காரணம்.

கலெக்டிவ் நவுன் எண்ணக்கூடியது. ஒரு டீம், இரண்டு ‘டீம்ஸ்’. ஒரே டீம் என்றால் அமெரிக்கர்கள் ஒருமை வினையே போடுவார்கள். பிரிட்டிஷ் வழக்கில், டீமில் உள்ளவர்களைத் தனித்தனியாக நினைத்துப் பேசும்போது பன்மை வினையும் வரும். எதைப் பிடித்தாலும் ஒரே கட்டுரைக்குள் மாற்றாதீர்கள்.

தமிழில் எண்ணுவோம், இங்கிலீஷில் எண்ணக்கூடாது

இந்த இடத்தில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். டவுன் ஹால் ரோட்டிலிருந்து மாசி வீதிகள் வரை நடந்தால் கடைப் பலகைகளிலேயே பாடம் கிடைக்கும். ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘ஜுவல்லரீஸ்’, ‘ஸ்டேஷனரீஸ்’, ‘ஃபுட்வேர்ஸ்’, ‘ஹார்ட்வேர்ஸ்’. இந்த ஐந்திலும் எஸ் வரக்கூடாது. அதே தெருவில் ‘டெக்ஸ்டைல்ஸ்’, ‘ஸ்வீட்ஸ்’, ‘வெஜிடபிள்ஸ்’, ‘யூடென்சில்ஸ்’ என்று இருந்தால் அவை சரி.

என்ன வித்தியாசம்? ‘ஃபர்னிச்சர்’ என்பது ஒரு நாற்காலியின் பெயர் அல்ல. நாற்காலி, மேசை, கட்டில் எல்லாம் சேர்ந்த தொகுதியின் பெயர். தொகுதிக்குள் பன்மை ஏற்கெனவே இருக்கிறது. அதனால் மேலே இன்னொரு எஸ் ஏறாது. உள்ளே இருக்கும் உருப்படிகளைத்தான் எண்ண முடியும். இந்தக் கண்ணோட்டத்தோடு பார்த்தால் பட்டியல் தானாக மனசில் நிற்கும். ‘ஜுவல்லரி’ எண்ணமுடியாது, ‘செயின்ஸ்’, ‘பேங்கிள்ஸ்’ எண்ணலாம். ‘லக்கேஜ்’ எண்ணமுடியாது, ‘பேக்ஸ்’, ‘சூட்கேசஸ்’ எண்ணலாம். ‘மெஷினரி’ இல்லை, ‘மெஷின்ஸ்’ உண்டு. ‘எக்விப்மென்ட்’ இல்லை, ‘டூல்ஸ்’ உண்டு. ‘டிராஃபிக்’ இல்லை, ‘வெஹிக்கிள்ஸ்’ உண்டு. ‘பொயட்ரி’ இல்லை, ‘போயம்ஸ்’ உண்டு. ‘ஹோம்வொர்க்’ இல்லை, ‘எக்சர்சைசஸ்’ உண்டு. ‘மணி’ கூட இப்படித்தான். பணத்தை எண்ணுகிறோமே என்று தோன்றும். உண்மையில் நாம் எண்ணுவது ரூபாயையும் நோட்டையும்.

இரண்டாவது கூட்டம், தமிழில் தாராளமாகக் ‘கள்’ போடும் கருத்துச் சொற்கள். தகவல்கள், அறிவுரைகள், ஆதாரங்கள், செய்திகள், ஆராய்ச்சிகள், முன்னேற்றங்கள். இவற்றுக்கு ஈடான ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’, ‘எவிடன்ஸ்’, ‘நியூஸ்’, ‘ரிசர்ச்’, ‘ப்ராக்ரஸ்’ எல்லாமே இங்கிலீஷில் எண்ணமுடியாதவை. ‘நாலெட்ஜ்’, ‘வெதர்’, ‘லக்’, ‘சீனரி’, ‘டிராவல்’ ஆகியவற்றையும் இதே வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் வாக்கியத்தை மனசில் வைத்து மாற்றினால் இந்த இடத்தில் கட்டாயம் சறுக்கும். வேறு வழியில்லை, இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டும்.

அப்படியானால் இரண்டு அறிவுரை, மூன்று தகவல் என்று எப்படிச் சொல்வது? முன்னால் ஓர் அளவுச்சொல் போட்டு, பன்மையை அதன் தலையில் ஏற்றிவிட வேண்டும். ‘டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்’, ‘த்ரீ பீசஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்’, ‘ஃபோர் பீசஸ் ஆஃப் லக்கேஜ்’, ‘ஃபைவ் ஐட்டம்ஸ் ஆஃப் ஜுவல்லரி’. நமக்கு இது புதிதல்ல. மல்லிகையை முழம் முழமாகத்தானே வாங்குகிறோம்? அங்கே முழம் செய்கிற வேலையை இங்கே ‘பீஸ்’ செய்கிறது. அரிசிக்கு ‘எ கிரெய்ன் ஆஃப் ரைஸ்’, ரொட்டிக்கு ‘எ ஸ்லைஸ் ஆஃப் ப்ரெட்’, சோப்புக்கு ‘எ பார் ஆஃப் சோப்’, சரமாகக் கட்டிய மல்லிக்கு ‘எ ஸ்ட்ரிங் ஆஃப் ஜாஸ்மின்’.

சோதனை செய்ய இரண்டு வழி. சொல்லுக்கு முன்னால் ‘மெனி’ வருமா, ‘மச்’ வருமா என்று பாருங்கள். ‘ஹவ் மெனி சேர்ஸ்’, ‘ஹவ் மச் ஃபர்னிச்சர்’. சந்தேகம் தீரவில்லையென்றால் மாணவர்களுக்கான இங்கிலீஷ் அகராதியைத் திறங்கள். பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் சி என்ற எழுத்து இருந்தால் எண்ணலாம், யூ இருந்தால் எண்ணமுடியாது. சாதாரண இங்கிலீஷ்-தமிழ் அகராதிகள் பலவற்றில் இந்தக் குறி இருக்காது. அர்த்தம் பார்க்க அது போதும், எழுதப் போகிறவருக்குப் போதாது.

சில சொற்களுக்கு அகராதியில் சி, யூ இரண்டுமே இருக்கும். அர்த்தம் மாறுகிறது என்பதற்கு அது அடையாளம். ‘ஹேர்’ என்றால் தலைமுடி முழுவதும், எண்ணமுடியாது. முடி கொட்டுகிறது என்பதற்கு ‘மை ஹேர் இஸ் ஃபாலிங்’ என்றுதான் சொல்லவேண்டும், ‘ஹேர்ஸ் ஆர்’ அல்ல. சாம்பாரில் ஒற்றை முடி கிடந்தால் மட்டும் ‘எ ஹேர்’. ‘கிளாஸ்’ கண்ணாடி என்ற பொருளில் எண்ணமுடியாது, தண்ணீர் குடிக்கும் டம்ளர் என்றால் எண்ணலாம், ‘கிளாசஸ்’ என்று மட்டும் சொன்னால் மூக்குக்கண்ணாடியும் ஆகும். ‘பேப்பர்’ காகிதம் என்றால் யூ, செய்தித்தாளோ தேர்வுத்தாளோ என்றால் சி. ‘வொர்க்’ வேலை என்றால் யூ, ஒரு கலைஞரின் படைப்புகள் என்றால் ‘வொர்க்ஸ்’. ‘சிக்கன்’ இறைச்சி என்றால் யூ, உயிருள்ள கோழி என்றால் ‘சிக்கன்ஸ்’. கடையில் கேட்கும்போது மட்டும் பானங்களுக்கு ஒரு சலுகை உண்டு. ‘டூ காஃபீஸ்’, ‘த்ரீ ஜிகர்தண்டாஸ்’ என்று கேட்கலாம். அங்கே எண்ணப்படுவது டம்ளர்.

எஸ் சேர்க்கும் விதிகள்

எண்ணக்கூடியது என்று முடிவான பிறகு எழுத்துக்கூட்டலுக்கு வாருங்கள். பெரும்பாலான சொற்களுக்கு வெறும் எஸ் போதும். இங்கிலீஷுக்குள் போன நம் சொற்களுக்கும் அதே விதிதான்: ‘இட்லிஸ்’, ‘தோசாஸ்’, ‘சாரீஸ்’, ‘கோபுரம்ஸ்’. மாற்றம் கேட்பவை கடைசி எழுத்தைப் பொறுத்து நான்கு கூட்டம்.

முதல் கூட்டம் எஸ், எக்ஸ், இஸட், எஸ்எச், சிஎச் என்று முடிபவை. இஎஸ் சேர்க்க வேண்டும்: ‘பஸ்’, ‘பஸ்ஸஸ்’, ‘பாக்ஸ்’, ‘பாக்ஸஸ்’, ‘டிஷ்’, ‘டிஷஸ்’, ‘பெஞ்ச்’, ‘பெஞ்சஸ்’. ‘க்விஸ்’ இஸட்டை இரட்டிக்கும். சிஎச் இருந்தாலும் க் ஒலி வந்தால் வெறும் எஸ்: ‘ஸ்டமக்ஸ்’, ‘மோனார்க்ஸ்’. எழுத்தைவிட ஒலிதான் இங்கே முடிவு செய்கிறது.

இரண்டாவது, ஒய் என்று முடிபவை. ஒய்யுக்கு முந்தைய எழுத்தைப் பாருங்கள். மெய் என்றால் ஒய்யை எடுத்துவிட்டு ஐ-இ-எஸ்: ‘சிட்டி’, ‘பேபி’, ‘லாரி’, ‘கண்ட்ரி’ எல்லாம் இப்படி. உயிரெழுத்து என்றால் ஒய் அப்படியே இருக்கும், எஸ் மட்டும் சேரும்: ‘டே’, ‘கீ’, ‘பாய்’, ‘டாய்’, ‘மங்கி’. மங்கியில் ஒய்யுக்கு முன் இ இருக்கிறது. அதை மறந்து ஐ-இ-எஸ் எழுதுவது மிகப் பரவலான பிழை.

மூன்றாவது, ஓ என்று முடிபவை. இங்கே சுத்தமான விதி கிடையாது. இஎஸ் கேட்பவை குறைவு என்பதால் அவற்றை மட்டும் மனப்பாடம் செய்வது நல்லது: ‘பொட்டேட்டோ’, ‘டொமேட்டோ’, ‘ஹீரோ’, ‘எக்கோ’, ‘வீட்டோ’. ‘மேங்கோ’, ‘கார்கோ’, ‘வால்கேனோ’ இரண்டு விதமாகவும் எழுதலாம். ‘பஃபலோ’, ‘மஸ்கிட்டோ’ ஆகியவற்றுக்கும் இரண்டு வடிவம் உண்டு, இஎஸ் அதிகம் புழங்கும். சுருக்கிய சொற்களுக்கு எப்போதும் வெறும் எஸ்: ‘போட்டோஸ்’, ‘கிலோஸ்’, ‘ஆட்டோஸ்’. ஓவுக்கு முன் உயிரெழுத்து இருந்தாலும் வெறும் எஸ்: ‘ரேடியோஸ்’, ‘வீடியோஸ்’, ‘ஸ்டுடியோஸ்’.

நான்காவது, எஃப் அல்லது எஃப்இ என்று முடிபவை. ஒரு சிறிய கூட்டம் எஃப்பை வி-இ-எஸ் ஆக்கும்: ‘லீஃப்’, ‘நைஃப்’, ‘வைஃப்’, ‘லைஃப்’, ‘ஹாஃப்’, ‘ஷெல்ஃப்’, ‘வுல்ஃப்’, ‘தீஃப்’, ‘லோஃப்’, ‘காஃப்’, ‘செல்ஃப்’. சோழவந்தான் வெற்றிலை ‘பீட்டல் லீவ்ஸ்’ ஆவது இந்த விதியில்தான். ‘ரூஃப்’, ‘சீஃப்’, ‘ப்ரூஃப்’, ‘பிலீஃப்’, ‘கிளிஃப்’, பணப்பெட்டி என்ற பொருளில் வரும் ‘சேஃப்’ ஆகியவற்றுக்கு வெறும் எஸ். ‘ஸ்கார்ஃப்’, ‘ஹூஃப்’, ‘டுவார்ஃப்’ இரண்டும் ஏற்கும்.

அந்த எஸ்ஸை எப்படி உச்சரிப்பது

எழுத்தில் ஒரே எஸ்தான். வாயில் அது மூன்று ஒலியாக வரும். தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது என்பதால் பலருக்கு இது தெரியவே தெரியாது. தொண்டையில் இரண்டு விரலை வையுங்கள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று சீறினால் தொண்டை அதிராது. வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒலித்தால் அதிரும், நாக்கு இருக்கும் இடம் மாறாது. முதலாவது எஸ் ஒலி, இரண்டாவது இஸட் ஒலி.

ப், ட், க், ஃப் என்ற அதிராத ஒலிகளுக்குப் பின்னால் எஸ் ஒலி: ‘கப்ஸ்’, ‘கேட்ஸ்’, ‘புக்ஸ்’. உயிர் ஒலிகளுக்கும் மற்ற அதிரும் ஒலிகளுக்கும் பின்னால் இஸட் ஒலி: ‘டாக்ஸ்’, ‘பென்ஸ்’, ‘கார்ஸ்’, ‘டேஸ்’. ஸ், ஷ், ச், ஜ் போன்ற ஒலிகளில் முடிந்தால் ஓர் அசை கூடும், கடைசியில் ‘இஸ்’ என்று இஸட் ஒலியோடு வரும். பஸ் ஓரசை, பஸ்ஸஸ் ஈரசை. ‘பேஜ்’, ‘ஃபேஸ்’, ‘ரோஸ்’ இவற்றில் எழுத்து எஸ் ஒன்றுதான் கூடுகிறது, ஆனால் வாயில் ஓர் அசை கூட வேண்டும். அவசரமாகப் பேசும்போது அந்த அசையை விழுங்கிவிடுகிறோம், கேட்பவருக்கு ஒருமையாகவே விழுகிறது.

விதிக்கு அடங்காதவை: ஒரு மாட்டுச் சந்தை போதும்

பழைய இங்கிலீஷிலிருந்து தங்கிவிட்ட சில சொற்கள் எஸ் ஏற்காது. நடு உயிர் மாறும்: ‘மேன், மென்’, ‘ஃபுட், ஃபீட்’, ‘டூத், டீத்’, ‘கூஸ், கீஸ்’, ‘மௌஸ், மைஸ்’, ‘லௌஸ், லைஸ்’. ‘வுமன்’ பன்மையில் ‘விமின்’ என்று ஒலிக்கும். எழுத்தில் மாறுவது இரண்டாவது உயிர், ஒலியில் மாறுவது முதல் உயிரும்தான். ‘ஹ்யூமன்’, ‘ஜெர்மன்’, ‘ரோமன்’ ஆகியவற்றில் இருப்பது ‘மேன்’ என்ற சொல் இல்லை. அதனால் ‘ஹ்யூமன்ஸ்’, ‘ஜெர்மன்ஸ்’, ‘ரோமன்ஸ்’ என்றே வரும். கீரிப்பிள்ளை ‘மங்கூஸ்’. அது ‘மங்கூசஸ்’ ஆகும், ‘மங்கீஸ்’ ஆகாது.

இந்த விதிகளெல்லாம் ஒன்றாகக் கூடும் இடம் ஆடு மாடுகள்தான். அலங்காநல்லூர் வாடிவாசலில் பாயும் காளை ‘புல்’, பன்மை ‘புல்ஸ்’. அது சாதாரண விதி. வண்டியிலும் ஏரிலும் பூட்டும் மாடு ‘ஆக்ஸ்’, பன்மை ‘ஆக்ஸன்’. எக்ஸ் என்று முடிகிறதே என்று இஎஸ் போட்டால் தவறு. இதே ‘என்’ விகுதி ‘சில்ட்ரன்’ என்ற சொல்லிலும் இருக்கிறது. அன்றாடம் புழங்குவதில் இந்த இரண்டுதான் மிச்சம். பசு ‘கௌ’, ‘கௌஸ்’. கன்று ‘காஃப்’, ‘காவ்ஸ்’, எஃப் விதி. எருமை ‘பஃபலோஸ்’, ஓ விதி. மொத்தமாக மாடுகள் என்றால் ‘கேட்டில்’. அதில் எஸ் கிடையாது, ஆனாலும் அது எப்போதும் பன்மை. ‘தி கேட்டில் ஆர் கிரேஸிங்’. ஒரு மாட்டை ‘எ கேட்டில்’ என்று சொல்ல முடியாது.

திருமங்கலம் ஆட்டுச் சந்தைக்கு வந்தால் இன்னொரு பொறி. வெள்ளாடு ‘கோட்’, பன்மை ‘கோட்ஸ்’. செம்மறி ‘ஷீப்’, பன்மையும் ‘ஷீப்’தான். நமக்கு இரண்டும் ஆடு. அதனால் ஒன்றுக்குப் போட்ட எஸ்ஸை மற்றதற்கும் போட்டு ‘ஷீப்ஸ்’ என்று எழுதிவிடுகிறோம். ‘டீர்’ அப்படியே மாறாமல் நிற்கும். ‘ஃபிஷ்’ பொதுவாக மாறாது, வேறு வேறு இன மீன்களைச் சொல்லும்போது ‘ஃபிஷஸ்’ வரும். ‘ஏர்கிராஃப்ட்’, ‘சீரிஸ்’, ‘ஸ்பீஷீஸ்’, வழி என்ற பொருளில் வரும் ‘மீன்ஸ்’ இவையும் மாறாதவை. நம் பால்பகா அஃறிணைப் பெயருக்கு இங்கிலீஷில் இருக்கும் சொந்தங்கள் இவை. இங்கே வினைச்சொல்தான் ஒருமையா பன்மையா என்று காட்டிக்கொடுக்கும்.

எஸ் இருந்தும் ஒருமை, எஸ் இல்லாமலும் பன்மை

‘நியூஸ்’, ‘மேதமேட்டிக்ஸ்’, ‘ஃபிசிக்ஸ்’, ‘எகனாமிக்ஸ்’, தட்டம்மையான ‘மீசில்ஸ்’, பொன்னுக்குவீங்கியான ‘மம்ப்ஸ்’ எல்லாம் எஸ்ஸில் முடிந்தாலும் ஒருமை வினைதான் எடுக்கும். ‘மேதமேட்டிக்ஸ் இஸ்’, ‘தி நியூஸ் இஸ்’.

‘போலீஸ்’, ‘பீப்பிள்’ இரண்டும் எஸ் இல்லாமலே பன்மை. ‘தி போலீஸ் ஆர் கமிங்’. ஒருவர் வந்தால் ‘எ போலீஸ் ஆபீசர்’. ‘ஸ்டாஃப்’ ஓர் அலுவலகத்தில் வேலை செய்யும் எல்லோரையும் சேர்த்துச் சொல்வது. பத்துப் பேர் இருந்தால் ‘டென் ஸ்டாஃப் மெம்பர்ஸ்’. ‘டென் ஸ்டாஃப்ஸ்’ தவறு.

இரண்டு கால், இரண்டு கண், இரண்டு கத்தி என்று ஜோடியாக அமைந்த பொருள்கள் எப்போதும் பன்மை: ‘சிசர்ஸ்’, ‘ட்ரவுசர்ஸ்’, ‘ப்ளையர்ஸ்’, ‘ஸ்பெக்டக்கிள்ஸ்’. நாம் கூலிங் கிளாஸ் என்பது அங்கே ‘சன்கிளாசஸ்’. ஒன்று என்று சொல்ல ‘எ பேர் ஆஃப்’ போட வேண்டும். வினையும் அதற்கேற்ப மாறும்: ‘மை ட்ரவுசர்ஸ் ஆர் வெட்’, ‘திஸ் பேர் ஆஃப் ட்ரவுசர்ஸ் இஸ் வெட்’.

எண், அளவு, ரூபாய்

பில் எழுதுபவர்களும் கணக்குப் பார்ப்பவர்களும் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ‘ஹண்ட்ரட்’, ‘தவுசண்ட்’, ‘லாக்’, ‘க்ரோர்’, ‘டஸன்’ இவற்றுக்கு முன்னால் எண் இருந்து, பின்னால் பெயர்ச்சொல்லும் இருந்தால் எஸ் வேண்டாம்: ‘டூ ஹண்ட்ரட் ருப்பீஸ்’, ‘ஃபைவ் லாக் ருப்பீஸ்’, ‘த்ரீ டஸன் பனானாஸ்’. எண் இல்லாமல் பொதுவாகச் சொன்னால் எஸ்ஸும் ‘ஆஃப்’பும் வரும். அழகர் ஆற்றில் இறங்கும்போது கூடுவது ‘லாக்ஸ் ஆஃப் பீப்பிள்’.

ரூபாய்க்குப் பன்மை ‘ருப்பீஸ்’. பைசாவுக்குப் பன்மை ‘பைசே’, அதன்மேல் எஸ் ஏற்றக்கூடாது. ஐம்பது ரூபாய் அதிகம் என்று ஒரே தொகையாக நினைத்தால் ஒருமை வினை: ‘ஃபிஃப்டி ருப்பீஸ் இஸ் டூ மச்’. தூரமும் நேரமும் அப்படித்தான்.

அளவுக் குறியீட்டுக்குப் பன்மையே கிடையாது. 5 கேஜி, 10 கேஎம் என்று எழுதும்போது குறியீட்டோடு எஸ் ஒட்டக்கூடாது. முழுச் சொல்லாக எழுதினால் ‘ஃபைவ் கிலோகிராம்ஸ்’. ஒன்றுக்கு மேல் எவ்வளவு போனாலும் பன்மை: ‘ஒன் அண்ட் எ ஹாஃப் கிலோஸ்’. ‘ஆன் அவர் அண்ட் எ ஹாஃப்’ என்று திருப்பிச் சொன்னால் மட்டும் ‘அவர்’ ஒருமையில் நிற்கும். பூஜ்யத்துக்கும் பன்மைதான்: ‘ஜீரோ மார்க்ஸ்’.

எண்ணும் பெயரும் சேர்ந்து இன்னொரு பெயருக்கு அடைமொழியானால் எஸ் உதிர்ந்துவிடும், நடுவில் சிறுகோடு வரும். நோட்டு ‘எ டென்-ருப்பீ நோட்’. பையன் ‘எ ஃபைவ்-இயர்-ஓல்ட் பாய்’. ஆனால் ‘ஹி இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்’ என்று தனியாக நின்றால் எஸ் திரும்பி வந்துவிடும்.

சேர்ந்து வரும் சொற்களும் அப்பாஸ்ட்ரஃபியும்

கூட்டுச்சொல்லில் முக்கியமான பகுதிக்குத்தான் பன்மை. நாத்தனார், கொழுந்தியா, அண்ணி எல்லோரையும் இங்கிலீஷ் ஒரே ‘சிஸ்டர்-இன்-லா’வில் அடக்கிவிடும். இருவர் இருந்தால் ‘சிஸ்டர்ஸ்-இன்-லா’. ‘சிஸ்டர்-இன்-லாஸ்’ தவறு. ‘பாஸர்ஸ்-பை’, ‘கமாண்டர்ஸ்-இன்-சீஃப்’ இதே வழி. ‘வுமன் டாக்டர்’ என்பதில் மட்டும் இரண்டுமே மாறும்: ‘விமின் டாக்டர்ஸ்’. ‘ஸ்பூன்ஃபுல்’ ஒரே சொல்லாகிவிட்டதால் கடைசியில் எஸ்: ‘ஸ்பூன்ஃபுல்ஸ்’.

எழுத்துச் சுருக்கங்களுக்குச் சின்ன எஸ் போதும்: எம்எல்ஏ-ஸ், ஏடிஎம்-ஸ். இடையில் அப்பாஸ்ட்ரஃபி, அதாவது எழுத்தின் மேல்பக்கம் தொங்கும் காற்புள்ளி போன்ற குறி, வேண்டாம். 1990 என்ற ஆண்டோடு எஸ் சேர்த்துப் பத்தாண்டைக் குறிக்கும்போதும் வேண்டாம். ஜூஸ், டிஃபன், ஐஸ்கிரீம் பலகைகளில் எஸ்ஸுக்கு முன் ஒரு புள்ளியைத் தொங்கவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. அப்பாஸ்ட்ரஃபி உடைமையைக் காட்டுவது, பன்மையை அல்ல. தனி எழுத்தைப் பன்மையாக்கும்போது மட்டும் குழப்பம் வராமலிருக்க அனுமதிப்பார்கள். ‘இட்லி’யை இங்கிலீஷில் எழுதினால் இரண்டு ஐ வரும். அந்த இரண்டு ஐயைச் சொல்ல ஐ-அப்பாஸ்ட்ரஃபி-எஸ் எழுதலாம்.

பன்மையும் உடைமையும் சேர்ந்தால் அப்பாஸ்ட்ரஃபி எஸ்ஸுக்குப் பின்னால் போகும்: பல பெண்களுக்கான ‘கேர்ள்ஸ் ஹாஸ்டல்’. எஸ் இல்லாத பன்மை என்றால் எஸ்ஸுக்கு முன்னால்: ‘விமின்ஸ் காலேஜ்’, ‘சில்ட்ரன்ஸ் பார்க்’.

லத்தீன், கிரேக்கச் சொற்கள் கல்லூரி அளவில் தேவைப்படும். ஐ-எஸ் என்று முடிபவை இ-எஸ் ஆகும்: ‘க்ரைசிஸ்’ ‘க்ரைசீஸ்’ ஆகும், ‘அனாலிசிஸ்’ ‘அனாலிசீஸ்’ ஆகும். ‘க்ரைட்டீரியா’, ‘ஃபினாமினா’, ‘பாக்டீரியா’ ஏற்கெனவே பன்மை. அவற்றின் ஒருமை ‘க்ரைட்டீரியன்’, ‘ஃபினாமினன்’, ‘பாக்டீரியம்’. ‘மியூசியம்’, ‘ஆல்பம்’, ‘ஸ்டேடியம்’ முழுக்க இங்கிலீஷாகிவிட்டதால் எஸ் போதும். ‘சிலபஸ்’ இரண்டு வழியிலும் போகலாம்.

ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

எழுதி முடித்ததும் பெயர்ச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றிடமும் வரிசையாகக் கேளுங்கள். எண்ணலாமா? ஒன்றா, பலவா? கடைசி எழுத்து என்ன? வினைச்சொல் ஒத்துப்போகிறதா? நம் ஊரைப் பற்றிப் பிள்ளைகள் எழுதும் பத்தி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

‘மீனாட்சி டெம்பிள் இஸ் ஒன் ஆஃப் தி ஃபேமஸ் டெம்பிள் இன் இந்தியா. இட் ஹேஸ் ஃபோர்டீன் டவர். பீப்பிள் ஃப்ரம் மெனி கண்ட்ரி கம்ஸ் ஹியர். கைட்ஸ் கிவ் மெனி இன்ஃபர்மேஷன்ஸ். தி தவுசண்ட்-பில்லர்ஸ் ஹால் ஹேஸ் 985 பில்லர். தி சீனரீஸ் ஃப்ரம் அழகர் ஹில்ஸ் ஆர் பியூட்டிஃபுல்.’

‘ஒன் ஆஃப் தி’ வந்தால் பின்னால் பன்மை: ‘டெம்பிள்ஸ்’. பலவற்றில் ஒன்று என்பதால் பெயர் பன்மை. பேசப்படுவது அந்த ஒன்று என்பதால் வினை ஒருமை, எனவே ‘இஸ்’ சரி. பதினான்கு கோபுரம், ஆகவே ‘டவர்ஸ்’. ‘மெனி’க்குப் பின் ‘கண்ட்ரீஸ்’, ஒய்யுக்கு முன் மெய் என்பதால் ஐ-இ-எஸ். ‘பீப்பிள்’ பன்மை, எனவே ‘கம்ஸ்’ போய் ‘கம்’. பெயரில் எஸ் இருந்தால் வினையிலும் எஸ் இருக்கவேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. நிகழ்காலத்தில் அது தலைகீழ்: ஒருமைக்குத்தான் வினையில் எஸ். ‘மெனி இன்ஃபர்மேஷன்ஸ்’ என்பது ‘எ லாட் ஆஃப் இன்ஃபர்மேஷன்’. ஆயிரங்கால் மண்டபத்தில் எண்ணும் பெயரும் அடைமொழியாக நிற்கிறது, ஆகவே எஸ் உதிர்ந்து ‘தவுசண்ட்-பில்லர் ஹால்’. அதற்குள் இருக்கும் 985 தூண்கள் தனியாக நிற்கின்றன, ஆகவே ‘985 பில்லர்ஸ்’. ‘சீனரி’ எண்ணமுடியாதது, எஸ் போகும். எஸ்ஸை எடுத்துவிட்டு ‘ஆர்’ஐ அப்படியே விட்டுவிடுவதுதான் திருத்தும்போது அதிகம் தப்பிப்போவது. ‘தி சீனரி ஃப்ரம் அழகர் ஹில்ஸ் இஸ் பியூட்டிஃபுல்’. நடுவில் வரும் ‘ஹில்ஸ்’ஐப் பார்த்து ஏமாறாமல், ‘சீனரி’யிலிருந்து நேராக வினைச்சொல்லுக்குத் தாவிப் படித்தால் பிழை கண்ணில் படும்.